மான் தின்ற படிவங்கள்

காலை ஆறே முக்காலுக்கு
இரவுக் கடமைக்காரர் புத்தகத்தை என் பக்கம் தள்ளுகிறார்.
தமிழில் எழுதத் தெரிந்தவள்
இந்த மேசையில் நான் ஒருத்தி.
எனக்கு லீவு கிடைக்காததற்கு
வேறு காரணம் தேட வேண்டாம்.

தொலைந்த அடையாள அட்டை.
தொலைந்த அடையாள அட்டை.
திருக்கடலூரில் வலையை அறுத்தவன் யாரென்று
வலைக்காரருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்,
எழுத வேண்டியது: இனந்தெரியாத நபர்.
மட்டிக்களி வளைவில் ஓட்டோவும் மாடும் மோதல்;
மாட்டுக்காரருக்கு முன்னே ஓட்டோக்காரர் வந்துவிட்டார்,
முந்தி வந்தவன்தான் முறைப்பாட்டாளன்.
உதடு வீங்கிய ஒருத்தி
"என்ட்ரி மட்டும் போடுங்கோ, அவரைக் கூப்பிடாதேங்கோ" என்கிறாள்.
போன மாதமும் அதையே சொன்னாள்.
போன மாதம் வீங்கியிருந்தது கண்.

பத்து மணிக்கு சார்ஜன்ட் ஜயலத்
மடக்கு மேசையையும் அளவுகோலையும்
ஜீப்பில் ஏற்றச் சொல்கிறார்.
ஆட்சேர்ப்பு.
'தமிழ் பேசும் பிள்ளைகள் தேவை' என்ற வாக்கியத்தை
அவர் மனப்பாடம் செய்திருக்கிறார்.
கடைசிச் சொல்லைச் சொல்லும்போது மட்டும்
தேவா என்று யாரையோ கூப்பிடுவது போலிருக்கும்.

பஸ் நிலையத்துக்கு எதிரே, வாகை நிழலில் பதாகை.
உயரம் இவ்வளவு, மார்பு இவ்வளவு,
சாதாரண தரத்தில் சித்தி இவ்வளவு.
முதலில் வந்தவர் பதுளை பஸ் எத்தனை மணிக்கு என்றார்.
அடுத்தவர், ஆட்டைக் களவு கொடுத்தவர்,
தன் என்ட்ரி என்ன ஆனது என்றார்.
கிண்ணியாவிலிருந்து வந்த அஸ்மீர் அரை அங்குலம் குறைவு.
குதியைத் தூக்கினான். நான் வேறெங்கோ பார்த்தேன்.
ஜயலத் பார்த்துவிட்டார்.
"வளர்ந்துபோட்டு வாறன் சேர்" என்று சிரித்துப் போனான்,
இருபத்தாறு வயதில்.

இரண்டு மான்கள் வந்தன.
பொலிசைக் கண்டு ஒதுங்காத பிரஜைகள்
இந்த ஊரில் அவைதான்.
மேசை நுனியில் இருந்த விண்ணப்பங்களை
ஆறுதலாக மென்றன.

வெயில் மேசைக்கு ஏறிய நேரம்
பாலையூற்றிலிருந்து மங்களேஸ்வரி, கூடவே மகள்.
பொலித்தீன் உறைக்குள் பழைய பிரதி ஒன்று.
"மூத்தவன் போன அண்டைக்குப் போட்ட என்ட்ரி, பிள்ளை.
கையெழுத்து வைச்சனான், வாசிக்கத் தெரியாது.
சிங்களத்தில கிடக்கு. ஒருக்கா வாசிச்சுச் சொல்லும்."

பத்தொன்பது வருடம் மடிந்த தாள்.
பயிற்சிக் கல்லூரியில் அவசரமாக விழுங்கிய எழுத்தை
ஒவ்வொன்றாகத் திருப்பி எடுத்தேன்.
திகதி சரி. வீட்டு இலக்கம் சரி.
கறுப்பு நிறச் சைக்கிள் ஒன்று,
சட்டக எண் இன்னது, காணாமற் போயுள்ளது.
தாளைத் திருப்பினேன்.
பின்பக்கம் வெறுமை.

அந்தச் சைக்கிளில்தான் அவன் போனவன்.

அவள் அழவில்லை.
"சைக்கிளின்ர நிறம் சரி" என்றாள்.

ஜயலத்துக்கு அவ்வளவு தமிழ் விளங்கும்.
தொப்பியைக் கழற்றி
வியர்க்காத நெற்றியைத் துடைத்தார்.
நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன்.
பெயர்: சத்தியரூபன். வயது, அப்போது, இருபது.
எந்தப் புத்தகத்தில் இதை ஒட்டுவதென்று
சுற்றறிக்கை எதிலும் இல்லை.
எழுதிக்கொண்டே இருந்தேன்.

நிமிர்ந்தபோது
மகள் செருப்பைக் கழற்றிவிட்டு
அளவுகோலில் முதுகு சாய்த்து நின்றாள்.
யாரும் கூப்பிடவில்லை.
இரண்டு அங்குலம் மிச்சம்.
தாய் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பெண் ஒரு படிவத்தை எடுத்து
நாலாக மடித்து
அதே பொலித்தீன் உறைக்குள்
சைக்கிளோடு வைத்தாள்.

மாலை அறிக்கை:
கொடுத்தவை நாற்பத்தொன்று.
நிரப்பித் தந்தவை ஆறு.
மான் தின்றவை இரண்டு.
'சேதமடைந்தவை' என்று ஜயலத் திருத்தினார்.
அந்த ஒன்றை எந்த நிரலில் போட?
பேனை அங்கேயே நிற்க
வாசலில் யாரோ செருமினார்.
தொலைந்த அடையாள அட்டை.